இரவு 10 மணி விமானம்: நிக்கோலா யூனின் ‘தி சன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்’

என் அக்காள் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்த கையோடு ஒரே வாரத்தில் நான்கு நாவல்களைப் படித்துத் தீர்த்தாள். அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தாள். “சித்தி, முழுசாப் படிச்சிட்டுப் பேசுங்க, பாதியில எதுவும் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பதின்பருவத்தினருக்கான காதல் நாவல் என்றதும் எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது உண்மை. நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் அந்தத் தயக்கம் போயிற்று. அதைப் போக்கியவர் நாயகனோ நாயகியோ அல்லர், ஓர் அரசு அலுவலக வாசலில் பைகளைச் சோதிக்கும் காவல் ஊழியர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிக்கோலா யூன் எழுதிய இரண்டாவது நாவல் இது. 2016 நவம்பரில் டெலகோர்ட் பிரஸ் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் இளையோர் இலக்கியப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 2017-இல் இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதின் சிறப்புத் தகுதியையும், கொரெட்டா ஸ்காட் கிங் பெயரால் வழங்கப்படும் விருதுகளில் புதிய எழுத்தாளருக்கான ஜான் ஸ்டெப்டோ விருதையும் பெற்றது. யூன் ஜமைக்காவில் பிறந்து, சிறுமியாக நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். அவருடைய கணவர் டேவிட் யூன் கொரிய அமெரிக்கர். இந்த விவரங்கள் கதைக்கு வெளியே நிற்பவை என்று ஒதுக்க முடியாது. நாவலின் நாயகி ஜமைக்காவிலிருந்து வந்தவள், அறிவியலை நம்புகிறவள்; நாயகன் கொரியக் குடும்பத்துப் பையன், கவிதை எழுதுகிறவன். தாம் வாழ்ந்து அறிந்த இரண்டு வீடுகளின் சமையலறை வாசனையையும் சண்டையையும் மௌனத்தையும் எழுதியிருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

கதை ஒரே ஒரு நாளில் நடக்கிறது. நட்டாஷா கிங்ஸ்லிக்கு வயது பதினேழு. எட்டு வயதில் தாயோடு ஜமைக்காவிலிருந்து நியூயார்க் வந்தவள். சுற்றுலா விசாவில் வந்த குடும்பம், விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. அன்று இரவு 10 மணி விமானத்தில் குடும்பமே நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். பெற்றோர் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இன்னும் நம்பிக்கையை விட்டுவிடாமல் குடிவரவு அலுவலகத்துக்குப் புறப்படுகிறாள். அதே காலையில், யேல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான நேர்காணலுக்காக, பெற்றோரின் கட்டாயத்தால் கோட்டும் சிவப்பு டையும் அணிந்துகொண்டு கிளம்புகிறான் டேனியல் பே. அவனுடைய பெற்றோருக்கு அவன் மருத்துவராக வேண்டும். ஹார்வர்டு முதல் இடம், யேல் இரண்டாம் இடம், மூன்றாவது என்று ஒன்று அவர்கள் அகராதியில் இல்லை. தெருவில் இருவரும் சந்திக்கிறார்கள். ஒரு காரில் அடிபட இருந்த அவளை அவன் பிடித்து இழுக்கிறான். அன்றைய பொழுதில் எஞ்சியிருக்கும் சில மணி நேரத்தை இருவரும் சேர்ந்து கழிக்கிறார்கள். காதலை அறிவியல் முறையில் உண்டாக்கிக் காட்டுகிறேன் என்கிறான் அவன். அது நடக்காது என்கிறாள் அவள். அன்றிரவு தான் நாட்டைவிட்டு அனுப்பப்படப் போவதை மட்டும் அவனிடம் சொல்லாமல் மறைத்துவைக்கிறாள்.

இவ்வளவுதான் என்றால் இதைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரே நாளில் மலரும் காதலுக்குத் திரைப்படங்களில் பஞ்சமில்லை. யூன் செய்திருப்பது வேறு. நட்டாஷாவும் டேனியலும் மாறி மாறித் தம் கதையைத் தாமே சொல்லும் அத்தியாயங்களுக்கு நடுவே, அவர்களைக் கடந்து போகிறவர்களுக்கும் ஓரிரு பக்கங்கள் கொடுக்கிறார். கார் ஓட்டி வந்தவர், வழக்கறிஞரின் அலுவலக உதவியாளர், டேனியலின் தந்தை, நட்டாஷாவின் தாய் எனப் பலருடைய கடந்தகாலமும் வருங்காலமும் சில வரிகளில் திறந்து மூடுகின்றன. இன்னும் ஒரு படி மேலே போய், மனிதர்களுக்கு மட்டுமன்றிச் சொற்களுக்கும் பொருள்களுக்கும்கூட அவர் வரலாறு எழுதுகிறார். கண் எப்படி உருவானது, ‘ஐரி’ என்ற ஜமைக்கச் சொல் ரஸ்தாஃபாரி சமயத்தவரின் வாயிலிருந்து சுற்றுலாப் பயணிகளின் பனியனுக்கு எப்படி வந்தது, கொரியப் பெயர்களில் உடன்பிறந்தோர் ஒரே எழுத்தசையை ஏன் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பன தனித்தனி அத்தியாயங்கள். டேனியலின் கொரியப் பெயர் ஜே ஹோ, அவனுடைய அண்ணனின் பெயர் ஜே வான். அண்ணனைத் தம்பிக்குப் பிடிக்காது, தம்பியை அண்ணனுக்கு அறவே பிடிக்காது, ஆனாலும் ‘ஜே’ என்ற அசையை இருவரும் சாகும்வரை சுமந்தாக வேண்டும் என்பது அந்தச் சிறு அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

முன்னுரையிலேயே ஆசிரியர் வானியலாளர் கார்ல் சேகனைத் துணைக்கு அழைக்கிறார். ஓர் ஆப்பிள் பணியாரத்தை ஒன்றுமில்லாமையிலிருந்து செய்ய வேண்டுமானால் முதலில் பிரபஞ்சத்தையே உண்டாக்கியாக வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரு தெருமுனையில் சந்திப்பதற்கு எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக, எவ்வெவற்றைச் செய்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகளின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் எந்த ஊரில் வளர்வது, எந்த மொழியில் கனவு காண்பது, எந்தக் கடையின் பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதுவது என்பவற்றையெல்லாம் அவர்கள் பிறப்பதற்கு முன்போ, கைக்குழந்தையாக இருக்கும்போதோ வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். யாரைக் காதலிப்பது என்ற ஒன்றுதான் அவர்கள் தாமே எடுக்கும் முதல் முடிவு. அதற்கும் அன்று இரவு 10 மணி வரைதான் நேரம்.

முதலில் குறிப்பிட்ட காவல் ஊழியரின் பெயர் ஐரீன். குடிவரவு அலுவலக வாசலில், வருகிறவர்கள் தட்டில் வைக்கும் பொருள்களைச் சோதித்து அனுப்புவது அவருடைய வேலை. அவர் ஒவ்வொரு பொருளையும் தேவைக்கு மேல் நேரமெடுத்துத் தொட்டுப் பார்க்கிறார். வரிசை நகராமல் நிற்கிறது. நேரம் போய்க்கொண்டிருக்கும் பதற்றத்தில் நட்டாஷா பல்லைக் கடிக்கிறாள். அவளுடைய கைப்பேசி உறையில் நிர்வாணா என்ற ராக் இசைக்குழுவின் தொகுப்பு அட்டைப்படம் அச்சிடப்பட்டிருக்கிறது. நீருக்குள் நீந்தும் குழந்தையின் அந்தப் படத்தை ஐரீன் விரலால் தடவிக்கொண்டே இருக்கிறார். நட்டாஷாவின் பார்வையில் பார்க்கும்போது நமக்கும் எரிச்சல் வருகிறது. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த அத்தியாயம் ஐரீனுடையது. அந்தப் பெண்மணி எவ்வளவு தனிமையில் இருக்கிறார், அன்றைய நாளை எப்படி முடித்துக்கொள்ள எண்ணியிருக்கிறார் என்பது தெரிகிறது. ஒரு பொருளைத் தொடுவது, அதன் சொந்தக்காரரோடு கொள்ளும் உறவாக அவருக்கு மிஞ்சியிருக்கிறது. சற்று முன்பு நான் பட்ட எரிச்சலை நினைத்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. வாசகரை இப்படி ஒரு பக்கத்தில் தவறு செய்யவிட்டு, மறுபக்கத்தில் திருத்துவதற்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும். அந்தத் தாமதத்தால்தான் நட்டாஷா குறித்த நேரத்தைத் தவறவிடுகிறாள். அதனால்தான் வேறோர் அதிகாரியிடம் போய்ச் சேர்கிறாள். அவர்தான் ஒரு வழக்கறிஞரின் முகவரியைத் தருகிறார். மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைக்கின்றன.

நாவலில் நான் இரண்டு முறை படித்த பகுதி, டேனியலின் குடும்பக் கடையில் நடப்பது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தவருக்கான முடிப் பராமரிப்புப் பொருள்களை விற்கும் கடையை அவன் பெற்றோர் நடத்துகிறார்கள். தந்தையிடம் ஒன்றைக் கொடுக்கப் போகிறவனோடு நட்டாஷாவும் உள்ளே வருகிறாள். சுருண்டு எழுந்து நிற்கும் ஆஃப்ரோ முடி அவளுக்கு. அண்ணன் சார்லி அவளைப் பார்த்துக் கொச்சையாகச் சிரிக்கிறான். தந்தை டே ஹியுன் அப்படிச் செய்பவர் அல்லர். அவர் அலமாரிக்குப் போய், முடியைப் படிய வைக்கும் ரிலாக்ஸர் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, அவள் முடி மிகப் பெரிதாக இருப்பதாகவும் இதைப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்லி நீட்டுகிறார். அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. பல ஆண்டுகளாக அந்தப் பெட்டியை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார். தம்மிடம் இருப்பதில் பயனுள்ளது என்று அவருக்குத் தெரிந்த ஒன்றைத் தருகிறார். பெற்றுக்கொள்பவளுக்கு அது என்னவாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கையில் அந்தப் பெட்டியோடு நட்டாஷா நிற்பதும், நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று டேனியல் தவிப்பதும் நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்த தோழியின் முன்னால் தந்தை வாய் திறந்ததும் உடல் கூசிய நினைவு இல்லாத பிள்ளை எங்கும் இருக்க முடியாது.

அந்தக் கடையில் ஏன் கொரியர் நிற்கிறார், கறுப்பினத்தவர் நிற்கவில்லை என்ற கேள்வியை ஆசிரியர் கேட்காமல் விடவில்லை. முடியைப் பற்றிய அத்தியாயம் அதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. 1960-களில் தென்கொரியாவின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களில் விக் எனப்படும் டோப்பாவும் ஒன்று. பதப்படுத்தாத முடியை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தென்கொரிய அரசு தடை செய்தது; சீனாவின் முடியால் செய்த விக்குகள் உள்ளே வருவதை அமெரிக்கா தடுத்தது. இரண்டும் சேர்ந்து அமெரிக்க விக் சந்தையைக் கொரியர் கையில் கொடுத்தன. அதே பத்தாண்டில், 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பிறந்த நாட்டை வைத்து ஆட்களை எண்ணி அனுமதிக்கும் பழைய முறையை நீக்கி ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. வந்து சேர்ந்தவர்கள், ஊரில் தெரிந்தவர்கள் செய்த வணிகத்தையே பிடித்துக்கொண்டு, வாடகை குறைந்த கறுப்பினப் பகுதிகளில் கடை போட்டார்கள். டே ஹியுன் நீட்டிய பெட்டிக்குப் பின்னால் இத்தனை அரசாணைகள் இருக்கின்றன. இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வந்தது. திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, சவுரியாகவும் விக்காகவும் உலகச் சந்தைக்குப் போகிறது. ஹார்லெமில் உள்ள ஒரு கடையின் அலமாரி நமக்கும் அவ்வளவு தொலைவு இல்லை.

நட்டாஷாவின் தந்தை சாமுவேல் கிங்ஸ்லி நாவலின் மிகச் சிக்கலான பாத்திரம். நடிகனாக வேண்டும் என்ற கனவோடு குடும்பத்துக்கு முன்பாகவே அமெரிக்கா வந்தவர். வாய்ப்புகள் வரவில்லை, குடும்பம் வந்த பிறகு அந்தக் கனவு வீட்டுக்குள்ளேயே பதுங்கிக்கொண்டது. ஒரே படுக்கையறை உள்ள அந்த வீட்டில், முன்னறையில் திரைச்சீலை கட்டி மறைத்த பகுதியில் நட்டாஷாவும் தம்பி பீட்டரும் உறங்குகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாடகத்தில் நல்ல பாத்திரம் கிடைத்து நடித்து முடித்த மகிழ்ச்சியில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர், போலீஸிடம் அகப்பட்டு, கேட்காமலேயே தங்களுக்கு ஆவணம் இல்லாத கதையையும் சொல்லிவிடுகிறார். குடும்பம் நாடு கடத்தப்படுவதற்குக் காரணம் அந்த ஓர் இரவு. மகளின் கோபம் நியாயமானது என்பதை ஆசிரியர் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அவர் நடித்ததைக் கண்ட நட்டாஷாவுக்கு ஒன்று தெரியும்: அவர் உண்மையிலேயே நல்ல நடிகர். திறமையில்லாத தந்தையை வெறுப்பது எளிது. திறமையிருந்தும் அதற்கு இடம் கிடைக்காமல் போன தந்தையை எப்படி வெறுப்பது என்று அவள் திணறும் பக்கங்களில் நாவல் தன் வயது வரம்பைத் தாண்டிவிடுகிறது. பதினேழு வயது வாசகரைவிட அவருடைய பெற்றோருக்கே அந்தப் பக்கங்கள் அதிகம் வலிக்கும்.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. நாவல் அவற்றைப் பாடம்போல நடத்துவதில்லை. 1982-இல் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆவணம் இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக்கல்வியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எனவே நட்டாஷாவைப் போன்ற பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே பாடத்தைப் படித்து வளர்கிறார்கள். பள்ளி முடிந்து கல்லூரி வரும்போதுதான், நடுவண் அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்பது தெரியவருகிறது. வகுப்பில் எல்லாரும் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசும் பருவத்தில் கதவு சாத்தப்படுவதால்தான் இத்தகைய கதைகளின் நாயகிகள் பெரும்பாலும் பதினேழு வயதினராக இருக்கிறார்கள். அடுத்தது, 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறிய வயதுவந்த ஒருவர், பொதுவாகப் பத்தாண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. விமான நிலையத்தில் விடைபெறும் காட்சிக்கு இந்த எண்ணை அறிந்தவர்கள் வேறு கனம் கொடுத்துப் படிப்பார்கள்.

டேனியல் கையாளும் அறிவியல் முறையையும் சொல்லியாக வேண்டும். ஆர்தர் ஏரனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய 36 கேள்விகள் உள்ளன. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரை அவற்றைக் காதலுக்கான சூத்திரமாக உலகெங்கும் பரப்பியது. உண்மையில் அந்த ஆய்வின் நோக்கம் அந்நியர்களுக்கிடையே நெருக்கத்தை உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான். யூன் இதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். கேள்விகள் காதலை உண்டாக்கவில்லை. இருவரும் வீட்டில் எவரிடமும் சொல்லாதவற்றைச் சொல்ல ஒரு சாக்காக அமைகின்றன. எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி வரும்போதெல்லாம் நட்டாஷா தடுமாறுகிறாள். அவளுக்கு அன்று இரவுக்குப் பிறகு ஒரு திட்டமும் இல்லை, அவனுக்கோ அது தெரியாது. கொரியப் பாடல் அறையான நொரேபாங்கில் இருவரும் பாடும் காட்சி, கதையிலேயே கவலை மறந்து சிரிக்கக்கூடிய ஒரே இடம்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். கவிஞர்கள் எல்லாரும் விண்மீன்களைப் பாடுகிறார்களே, சூரியனும் ஒரு விண்மீன்தானே, அதை ஏன் பாடுவதில்லை என்ற நட்டாஷாவின் அறிவியல் மனம் எழுப்பும் கேள்வியிலிருந்து பிறந்த தலைப்பு அது. திங்களுக்கு அடுத்து ஞாயிற்றைப் போற்றித் தொடங்கும் சிலப்பதிகாரத்தைப் படித்த நமக்கு அந்தக் கேள்வியில் புதுமை குறைவு. ஆனாலும் அவள் அதைக் கேட்கும் நேரம் அழகானது.

இனி எழுதப் போவது கதையின் முடிவை ஓரளவு வெளிப்படுத்தும். படிக்க எண்ணுபவர்கள் அடுத்த இரண்டு பத்திகளையும் கடைசிப் பத்தியையும் தாண்டிவிடலாம்.

நட்டாஷா தேடிப் போகும் வழக்கறிஞர் ஜெரமி ஃபிட்ஸ்ஜெரால்ட். டேனியலை யேலுக்காக நேர்காணல் செய்ய வேண்டியவரும் அவரே. அன்று காலை ஒரு காரில் அடிபட்டுப் பிழைத்தவர், அந்த அதிர்ச்சியில் தம் அலுவலக உதவியாளர் ஹன்னா வின்டரைத் தாம் காதலிப்பதை உணர்கிறார். அவர் திருமணமானவர், குழந்தைகள் உள்ளவர். நட்டாஷாவிடம் தம்மால் முடிந்ததைச் செய்ததாகவும், பயனில்லாமல் போனதாகவும் சொல்கிறார். பிறகு ஒரு சிறிய அத்தியாயத்தில் ஆசிரியர் உண்மையைச் சொல்கிறார். உத்தரவை மாற்றியிருக்கக்கூடிய நீதிபதியைச் சந்திக்க வேண்டிய பிற்பகலை அவர் ஹன்னாவோடு ஒரு ஹோட்டல் அறையில் கழித்தார். நட்டாஷா ஊரைவிட்டுப் போவது சட்டத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்த நாம், இன்னொருவருடைய காதலால் என்று அறிகிறோம். ஒரு காதல் நாவல் காதலைப் பற்றி இப்படி ஓர் உண்மையைச் சொல்லத் துணிவது அரிது. இரண்டு பேருக்கு நேர்ந்த பேரின்பத்துக்கு மூன்றாவது ஒருத்தி விலை கொடுக்கிறாள். அவளுக்குக் கடைசிவரை அது தெரியாது.

அதே இடத்தில்தான் இந்நாவலோடு என் பெரிய கருத்துவேறுபாடும் இருக்கிறது. அந்த வழக்கறிஞரை ஆசிரியர் மிக எளிதாக விட்டுவிடுகிறார். விதி, தற்செயல், பிரபஞ்சம் என்று நாவல் முழுவதும் பேசிவந்த மொழியிலேயே இந்தச் செயலையும் சேர்த்துக்கொள்கிறார். ஐரீன் வரிசையைத் தாமதப்படுத்தியது தற்செயல். வழக்கைப் பொறுப்பேற்று எடுத்த ஒருவர் நீதிபதியைப் பார்க்கப் போகாமல் இருந்தது கடமை தவறுதல். ஒரு குடும்பத்தின் வாழ்வு தம் கையில் இருக்கும்போது கையொப்பமிட மறந்த அலுவலரை, தேதியைக் குறித்துக்கொள்ளாத வழக்கறிஞரை வாழ்வில் சந்தித்தவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் ஒரு விசா விண்ணப்பம், பொறுப்பெடுத்துக்கொண்ட ஒருவர் தாளை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்ததால் காலம் கடந்துபோயிற்று. அதை நாங்கள் யாரும் விதி என்று சொன்னதில்லை. யூன் அந்தச் சிறு அத்தியாயத்தில் இன்னும் இரண்டு பக்கம் தங்கியிருந்தால், நாவல் தன் துணிவுக்கு ஏற்ற உயரத்தை எட்டியிருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. டேனியலின் அண்ணன் சார்லி வருகிற இடமெல்லாம் கொடுமையாகவே பேசுகிறான். ஹார்வர்டிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு வீட்டில் கிடக்கும் ஒருவனுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல் இருந்தது, அது நிறைவேறவில்லை. இரண்டு தந்தையருக்கும் கிடைத்த இடம் இரண்டு தாய்மார்களுக்கும் கிடைக்கவில்லை. நட்டாஷாவின் தாய் பட்ரீஷியா மகளின் ஆஃப்ரோ முடியை எப்படிப் பார்க்கிறார் என்பது நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கணவனின் கனவை இத்தனை ஆண்டுகள் சுமந்தவருடைய மனம் அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை. முன்பின் தெரியாத பெண்ணைத் தெருவில் பின்தொடர்ந்து போகும் பையனைக் கனவு காண்பவன் என்று மட்டும் காட்டியதும் எனக்கு உறுத்தியது. வாசிப்பவர்கள் பதினாறு, பதினேழு வயதினர் என்பதால் அந்த உறுத்தல் கூடுதலாகவே இருந்தது. என் அக்காள் மகளிடம் இதைச் சொன்னபோது, டேனியல் பேசத் தொடங்கியதுமே நட்டாஷா அவனை நேருக்கு நேர் கேள்வி கேட்பதையும், எந்த நேரத்திலும் விலகிப்போகும் உரிமை அவளிடமே இருப்பதையும் அவள் எடுத்துக்காட்டினாள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் எண்ணத்தை நான் முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை.

2019-இல் ரை ரூஸோ-யங் இயக்கத்தில், யாரா ஷாஹிடியும் சார்லஸ் மெல்டனும் நடித்து இது திரைப்படமாகவும் வந்தது. நியூயார்க்கைக் கண்ணுக்கு நிறைவாகக் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் கடந்து போகிறவர்களின் கதைகள் பெரும்பாலும் விடுபட்டுவிட்டதால், எஞ்சியது அழகான இருவரின் ஒரு நாள் உலா. படத்தைப் பார்த்துவிட்டு நாவலை எடைபோட வேண்டாம்.

நாவலின் ஆங்கிலம் எளிமையானது. அத்தியாயங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்கள்தான். சில அத்தியாயங்கள் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் முதன்முதலாக முழு நாவல் ஒன்றைப் படிக்க நினைக்கும் பள்ளி மாணவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். அறிவியல் சொற்களும் ஜமைக்கப் பேச்சுவழக்கும் வரும் இடங்களில் மட்டும் சற்று நின்று போக வேண்டியிருக்கும். தற்கொலை எண்ணம், மதுப்பழக்கம் ஆகியவை கதையில் வருகின்றன என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வண்ண நூல்களை இழுத்துக் கட்டி உருவாக்கிய அட்டைப்படமும் கதையின் இயல்புக்குப் பொருந்தியே இருக்கிறது. எந்த நூல் எங்கே தொடங்கி எந்த முனையில் போய் முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்கத் தூண்டுகிறது.

படித்து முடித்த இரவு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் எதையும் கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினாள். பத்தாண்டுகளுக்குப் பிறகு நடக்கும் அந்த நிகழ்ச்சியில் வருபவர் மீண்டும் ஐரீன். இப்போது அவர் விமானப் பணிப்பெண். அன்று நட்டாஷா சொன்ன நன்றி ஒன்று அவரை உயிரோடு வைத்திருந்தது. அவளை எங்காவது பார்த்துவிட மாட்டோமா என்று ஒவ்வொரு பயணத்திலும் முகங்களைத் தேடுகிறார். அந்தப் பத்தியின் ஓரத்தில் அக்காள் மகள் பென்சிலால் ஒரு சிறு கோடு இழுத்திருந்தாள். நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்று எப்போதும் கண்டிக்கிற நான், அன்று ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன்.